வேங்கடத்தின் அடிவாரத்தில்



வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குத் திருப்பதி புதிய ஊர் அன்று. தில்லியிலிருந்தோ மும்பையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ தாயகம் நோக்கி வரும்போது, சொந்த ஊர் போய்ச் சேருமுன்பே இறங்கி வணங்கிச் செல்லும் ஊர் அது. குழந்தைக்கு முடியிறக்க வேண்டும். மகனுக்கு வேலை கிடைத்ததற்கு நேர்ந்துகொண்ட காணிக்கையைச் செலுத்த வேண்டும். மகளுடைய திருமணம் நல்லபடி முடிந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். இப்படி ஏதேனும் ஒரு காரணம் நம்மை அங்கே அழைத்துச் செல்கிறது.

அந்த யாத்திரை நடைபெறும் முறையும் நாம் அறிந்ததே. புகைவண்டி நிலையத்திற்கு எதிரேயுள்ள விஷ்ணு நிவாசத்திலோ, பேருந்து நிலையத்திற்கு அருகேயுள்ள ஸ்ரீநிவாசத்திலோ, தனியார் விடுதி ஒன்றிலோ ஓர் அறை எடுக்கிறோம். தரிசனத்திற்கு நாளும் நேரமும் குறித்த சீட்டு முன்பே கைக்கு வந்திருக்கிறது. மலையேறுகிறோம், வரிசையில் நிற்கிறோம், ஒரு நொடி பெருமாளைக் காண்கிறோம், லட்டு வாங்குகிறோம், இறங்கிவிடுகிறோம். அடுத்த வண்டிக்கு அரை நாளோ ஒரு நாளோ இருக்கும். அந்தப் பொழுதெல்லாம் விடுதி அறையில் உறக்கத்திலும் தொலைக்காட்சியிலும் கழிந்துபோகிறது. பெருமாளைக் கண்டவர்கள் அவர் நிற்கும் ஊரைக் காணாமலே திரும்பிவிடுகிறார்கள்.

அந்த விடுதி அறையை நடுவாக வைத்துக்கொண்டு, ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரப் பிரயாணத்தில் கண்டு திரும்பக்கூடிய இடங்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். நான் மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிகிறவன். ஒரு மொழியில் உள்ளதை மற்றொரு மொழியில் சொல்வதே என் பிழைப்பு. ஆதலால் இந்த ஊரை நான் பார்க்கும் பார்வையிலும் அத்தொழிலின் சாயல் சிறிது இருக்கும். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்திற்கு வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் எல்லையாகக் கூறுகிறது. இதைப் பள்ளியில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். பலரும் கவனியாத செய்தி ஒன்று சங்க இலக்கியத்தில் இருக்கிறது. அகநானூற்றில் மாமூலனார் முதலிய புலவர்கள் வேங்கடத்தைப் பாடும்போது, பொருள் தேடுவதற்காக வீட்டைவிட்டுப் பிரிந்த தலைவன் அம்மலையைக் கடந்து அப்பால் செல்வதைப் பாடுகிறார்கள். புல்லி என்ற தலைவனுக்கு உரிய மலை அது. யானைகள் திரியும் காடு. விழாக்கள் நிறைந்த ஊர். அதற்கு அப்பால் உள்ள நாட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘மொழிபெயர் தேயம்’. அதாவது, மொழி மாறுகின்ற நாடு.

பொருள் தேடி வேங்கடம் கடந்து, மொழி மாறும் நாட்டிலே வாழ்பவர் யார்? நாம்தாம். நம்மைப் போன்றவர்களைப் பற்றி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாடி வைத்திருக்கிறார்கள். அந்த வழியில் கடைசியாகத் தெரிந்த தமிழ் மலை வேங்கடம். திரும்பி வருகிறவனுக்கு முதலில் தெரிகிற மலையும் அதுவே. இந்த நினைவோடு விடுதியை விட்டு வெளியே வந்தால் திருப்பதி வேறொரு ஊராகத் தோன்றும்.

முதல் நாள் காலையில் வண்டி எதுவும் வேண்டியதில்லை. புகைவண்டி நிலையத்திலிருந்து நடந்தே செல்லும் தூரத்தில் கோவிந்தராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. பள்ளிகொண்ட திருக்கோலத்தில் இங்கே எழுந்தருளியிருக்கும் பெருமாளை இராமாநுஜர் பிரதிஷ்டை செய்தார் என்பது வைணவ மரபு. தில்லையில் இடமிழந்த கோவிந்தராஜருக்கு இங்கே இடம் கிடைத்தது என்றும் அம்மரபு கூறும். தரிசனம் முடிந்த பின் உடனே வெளியேறாமல் சுவர்களின் அருகே சற்று நில்லுங்கள். அங்கே எழுத்துகள் இருக்கின்றன.

திருமலையிலும் கீழ்த்திருப்பதியிலும் சுற்றியுள்ள கோயில்களிலுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகளைத் தேவஸ்தானத்தார் 1930-களில் தொகுதி தொகுதியாக வெளியிட்டார்கள். பல்லவர், சோழர், பாண்டியர், விஜயநகர அரசர் ஆகிய பலருடைய காலத்தவை அவை. அவற்றில் தெலுங்கிலும் கன்னடத்திலும் அமைந்தவை ஒரு சிறு பகுதியே. எஞ்சிய மிகப் பெரும்பாலானவை தமிழ். சாளுவ நரசிம்மரும் கிருஷ்ணதேவராயரும் அச்சுதராயரும் தெலுங்கு, கன்னட நாடுகளை ஆண்டவர்கள். ஆயினும் அவர்கள் காலத்திலும் இக்கோயிலின் கணக்கு வழக்கு தமிழில்தான் கல்லில் ஏறியது. அரசன் எம்மொழி பேசினாலும் அலுவலகத்தின் மொழி ஊரறிந்த மொழியாக இருந்தது. அரசாங்க அலுவலகத்தில் காலம் கழிக்கும் எனக்கு இது பெரிய செய்தி.

அந்தக் கல்வெட்டுகளின் முடிவில் அடிக்கடி ஒரு பெயர் வரும். கோயில் கணக்கு, திருநின்றவூர் உடையான். இன்னின்ன அமுதுபடிக்கு இவ்வளவு நெல், இவ்வளவு நெய், இவ்வளவு பயறு என்று விவரமாக எழுதி, ஸ்ரீவைஷ்ணவர்களின் பணிப்படி எழுதியவன் என்று அவன் தன்னைக் குறித்துக்கொள்கிறான். திருநின்றவூர் எங்கே இருக்கிறது? சென்னைக்கு அருகில், திருவள்ளூர் செல்லும் புகைவண்டிப் பாதையில். தலைமுறைகள் கடந்தும் இதே பெயர் வருவதால், ஒரே குடியினர் இப்பணியை வழிவழியாகப் பார்த்து வந்தார்கள் என்று கொள்ளலாம். ஊரைவிட்டு வந்து, மலையடிவாரத்தில் கணக்கெழுதி, தம் ஊரின் பெயரையே தம் பெயராக வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் நமக்கு அவர்கள் அந்நியர் அல்லர்.

உங்களுடன் வந்திருக்கும் பிள்ளைகளை அந்தச் சுவரருகே அழைத்துச் செல்லுங்கள். நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், ஆனால் படிப்பதில்லை. இந்தியும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். மராத்தியோ வங்காளியோ படிக்கிறார்கள். தமிழ் எழுத்து அவர்களுக்குப் பாட்டியின் பஞ்சாங்கத்தில் காணும் கோலம். கல்வெட்டைப் பார்த்து வாசிப்பது பெரியவர்களுக்கே எளிதன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. சொற்களுக்கு இடையே இடைவெளி இராது. வடசொற்கள் கிரந்த எழுத்தில் இருக்கும். எனினும் விஜயநகர காலத்து எழுத்துகளில் க, ப, ட, ம, வ போன்ற பலவற்றை இன்றைய எழுத்தை அறிந்தவர் அடையாளம் கண்டுகொள்ளலாம். ஒரு பிள்ளை அவற்றில் ஐந்து எழுத்துகளைக் கண்டுபிடித்துவிட்டால் போதும். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒருவன் அவனோடு பேசிவிட்டான். வாசிப்பார் இல்லாத கல் ஊமையாகிவிடுகிறது; நம் வீட்டிலும் அதே கதைதான் நடந்துகொண்டிருக்கிறது என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று மாலையில் கபில தீர்த்தம் செல்லலாம். மலை நேராக எழும் இடத்தில், அருவி விழும் குளத்தின் கரையில் அமைந்த சிவாலயம் அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அருவி பொங்கி விழும், கோடையில் மெலிந்திருக்கும். வைணவத் திருப்பதியின் வாசலிலேயே கபிலேசுவரர் இருக்கிறார். தேவஸ்தானத்தாரே இக்கோயிலையும் நிர்வகிக்கிறார்கள்.

மலைமேல் செல்லும் வழிகள் நமக்குத் தெரிந்தவை. அலிபிரியிலிருந்து சுமார் 3,550 படிகள். ஸ்ரீவாரி மெட்டு வழியில் சுமார் 2,388 படிகள். மலைக்குச் சாலை அமைந்தது 1944-ஆம் ஆண்டில். இரண்டாவது சாலை 1974-இல் வந்தது. அதற்கு முன்பெல்லாம் நடந்தோ டோலியிலோதான் ஏற வேண்டும். மலைமேல் தரிசனத்திற்குப் பின் ஒரு மணி நேரம் மிச்சமிருந்தால் சிலாதோரணத்தைப் பார்த்துவாருங்கள். யாரும் செதுக்காமல் காற்றும் நீரும் குடைந்த கல்வளைவு அது. ஏறக்குறைய 8 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உடையது. தேசியப் புவியியல் சின்னங்களுள் ஒன்றாகப் பாதுகாக்கப்படுகிறது. மலைச்சாலையில் வரும்போது ஓரிடத்தில் பாறையின் இரண்டு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருப்பதைக் காணலாம். கீழடுக்குக்கும் மேலடுக்குக்கும் இடையே சுமார் 80 கோடி ஆண்டுகள் எழுதப்படாமல் விடுபட்டுப் போயின என்று புவியியலார் சொல்கிறார்கள். மலை முழுவதும் செம்மரம் வளர்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதிதான் அம்மரத்தின் இயற்கையான தாயகம்.

இம்மலையின் வரலாற்றைப் புரட்டினால் வியப்பான ஒன்று புலப்படும். இதன் பெருமையை வளர்த்தவர்களில் பலர் வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள். கருவறை வாயிற்படிக்குக் குலசேகரன் படி என்று பெயர். இம்மலையில் ஒரு படியாய்க் கிடக்கும் பேறு வேண்டும் என்று பாடிய குலசேகர ஆழ்வார் சேர நாட்டு அரசர். போக ஸ்ரீனிவாசர் என்று வழங்கும் வெள்ளித் திருமேனியை அளித்தவள் சாமவை என்ற பல்லவகுல அரசி. அவளுடைய கொடையைக் கூறும் கல்வெட்டு தமிழில் இருக்கிறது. கோயில் வாயிலில் ஒரு கடப்பாரை தொங்குவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது அனந்தாழ்வானுடையது என்பர். குளிர் மிகுந்த இம்மலையில் தங்கிப் பூந்தோட்டம் அமைக்க யார் செல்வார் என்று இராமாநுஜர் கேட்டபோது முன்வந்தவர் அவர். கன்னட நாட்டிலிருந்து வந்தவர். தாளப்பாக்கம் அன்னமாசாரியார் 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர். தெலுங்கில் ஆயிரக்கணக்கான கீர்த்தனைகளைப் பாடினார். அவை செப்பேடுகளில் எழுதப்பெற்றுக் கோயிலுக்குள்ளேயே ஓர் அறையில் நூற்றாண்டுக்கணக்கில் கிடந்து பின்னர் வெளிவந்தன. 1843 முதல் 1933 வரை கோயில் நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த மடம், வடநாட்டிலிருந்து வந்த ஹாதீராம்ஜி என்ற துறவியின் பெயரில் அமைந்தது. கிருஷ்ணதேவராயர் ஏழுமுறை இங்கே வந்திருக்கிறார். இரு தேவியருடன் கைகூப்பி நிற்கும் அவருடைய செப்புத் திருவுருவம் கோயிலின் உள்வாயிலுக்கு அருகே இன்றும் நிற்கிறது.

சேரர், பல்லவர், கன்னடர், தெலுங்கர், வடநாட்டார் எல்லோரும் வந்தார்கள். ஆழ்வார்கள் பன்னிருவரில் பதின்மர் இம்மலையைத் தமிழில் பாடினார்கள். மார்கழி மாதத்தில் இன்றும் அங்கே வடமொழிச் சுப்ரபாதம் ஓய்ந்து, ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கிறது. தெலுங்கு பேசும் அன்பர்கள் கூட்டமாக நின்று அதைக் கேட்கிறார்கள்.

கீழே இறங்கியபின் திருச்சானூர் செல்ல வேண்டும். நகரத்திலிருந்து 5 கிலோமீட்டர். பத்மாவதித் தாயாரின் கோயில் அங்கே இருக்கிறது. தாயாரைத் தரிசித்தால்தான் யாத்திரை நிறைவுபெறும் என்பது பெரியோர் கொள்கை. கார்த்திகை மாதத்துப் பிரம்மோற்சவத்தின் இறுதிநாளான பஞ்சமி தீர்த்தத்தன்று பத்ம சரோவரத்தில் நீராட இலட்சக்கணக்கானவர் கூடுவார்கள். மற்ற நாள்களில் மலைமேலுள்ள நெருக்கம் இங்கே இராது.

இரண்டாம் நாள் மேற்கே செல்லலாம். சுமார் 12 கிலோமீட்டரில் ஸ்ரீனிவாச மங்காபுரம். திருமணக் கோலத்தில் பெருமாள் தங்கிய இடம் என்பது ஐதிகம். ஆதலால் புதுமணத் தம்பதிகள் இங்கே மிகுதியாக வருகிறார்கள். அதற்குச் சற்றுத் தொலைவில் சந்திரகிரிக் கோட்டை இருக்கிறது. 1565-இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகர அரசு சிதைந்து, பெனுகொண்டாவுக்கும் பிறகு சந்திரகிரிக்கும் தலைநகரை மாற்றிக்கொண்டது. கற்பாறை மலையின் அடியில் ராஜ மஹால், ராணி மஹால் என்ற இரண்டு மாளிகைகள் நிற்கின்றன. ராஜ மஹால் மூன்று தளங்கள் கொண்டது. மரம் சேர்க்காமல் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியது. உள்ளே தொல்பொருள் துறையின் காட்சிசாலை இருக்கிறது.

சென்னையில் பிறந்தவர்கள் இந்தக் கோட்டையை அவசியம் பார்க்க வேண்டும். 1639-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே என்பவர், கடற்கரையில் ஒரு துண்டு நிலத்தில் கோட்டை கட்டிக்கொள்ளத் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் உரிமை பெற்றார். அந்த நாயக்கர், சந்திரகிரியையும் வேலூரையும் இருப்பிடமாகக் கொண்டு ஆண்ட விஜயநகர அரசருக்கு உட்பட்டவர். 1645-இல் ஸ்ரீரங்கராயர் அவ்வுரிமையை உறுதிசெய்தார். நாயக்கரின் தந்தையார் சென்னப்ப நாயக்கர். அவர் பெயரால் வந்ததே சென்னப்பட்டணம் என்பது பெருவழக்கு. தெலுங்குத் தலைவர் ஒருவரின் பெயர் தமிழ்நாட்டின் தலைநகருக்கு நிலைத்தது. தமிழ்க் கல்வெட்டுகள் நிறைந்த மலை ஆந்திர நாட்டின் பெருமையாக விளங்குகிறது. இதில் கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்று கணக்குப் பார்த்து முடியாது.

மூன்றாம் நாள் கிழக்கே. காளத்திக்குப் போகும் வழியில் ஏர்ப்பேடு அருகே பிரிந்து குடிமல்லம் என்ற சிற்றூருக்குப் போகலாம். திருப்பதியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் அடங்கும் தூரம். வயல்களுக்கு நடுவே பரசுராமேசுவரர் கோயில் இருக்கிறது. கருவறையின் தரை தாழ்ந்திருக்கும். விமானத்தின் பின்புறம் யானையின் முதுகைப்போல் வளைந்திருக்கும். உள்ளே ஐந்தடி உயரமுள்ள சிவலிங்கம். அதன் முன்பகுதியில், குள்ள உருவம் ஒன்றின் தோள்மேல் நிற்கும் சிவபெருமானின் திருவுருவம் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. கையில் ஆடும் கோடரியும் இருக்கின்றன. இதைக் கி.மு. இரண்டாம் அல்லது முதலாம் நூற்றாண்டினது என்று பல அறிஞர் கணிக்கின்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை உலகறியச் செய்தவர் தொல்பொருள் அறிஞர் து. அ. கோபிநாத ராவ். இவ்வளவு பழமையான சிவலிங்கத்தைக் காணக் கூட்டமோ வரிசையோ இல்லை. குருக்களிடம் கேட்டால் தீபாராதனை காட்டுவார். திருமலையில் ஒரு நொடி. இங்கே வேண்டிய மட்டும் நின்று பார்க்கலாம்.

அங்கிருந்து திருக்காளத்தி. திருப்பதியிலிருந்து நேராக வந்தால் சுமார் 38 கிலோமீட்டர். தமிழில் பொன்முகலி என்றும் தெலுங்கில் ஸ்வர்ணமுகி என்றும் வழங்கும் ஆற்றின் கரையில், மலையை ஒட்டி, பஞ்சபூதத் தலங்களில் வாயுத் தலமாக அமைந்தது இது. தேவார மூவரும் பாடிய பதி. சேக்கிழார் பாடிய கண்ணப்ப நாயனார் இம்மலையில்தான் தம் கண்ணை இறைவனுக்கு அப்பினார். அவர் பொத்தப்பி நாட்டு வேடர். தமிழில் பெரியபுராணம் அவர் புகழைப் பாடியது. கிருஷ்ணதேவராயர் காலத்துத் தூர்ஜடி என்ற கவிஞர் காளத்தியப்பர் மேல் தெலுங்கில் சதகம் பாடினார். கன்னடத்தில் ராஜ்குமார் கதாநாயகனாக முதன்முதல் நடித்த படம் 1954-இல் வந்த ‘பேடர கண்ணப்பா’. ஒரே வேடரின் அன்பு மூன்று மொழிகளுக்கும் உரிமையாயிற்று.

இங்கே 1516-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய பெரிய கோபுரம் 2010-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் நாள் இரவு சரிந்து விழுந்தது. மீண்டும் கட்டிக் குடமுழுக்குச் செய்தது 2017-இல். இன்று நீங்கள் காண்பது புதிய கோபுரம். கோபுரம் விழுந்தது, எழுந்தது. ஊரின் கைத்தொழில் ஒன்று அதற்கு முன்பும் பின்பும் ஓயாமல் நடந்துவருகிறது. அதுதான் கலங்காரி. பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் தோய்த்து உலர்த்துகிறார்கள். மூங்கில் குச்சியின் நுனியில் துணி சுற்றிச் செய்த எழுதுகோலால் இராமாயண பாரதக் காட்சிகளைக் கையாலேயே வரைகிறார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் ஊறவைத்துக் கறுப்பு மை செய்கிறார்கள். படிகாரம் இட்ட இடத்தில் செந்நிறம் பிடிக்கிறது. ஒவ்வொரு நிறத்திற்கும் ஒருமுறை ஓடும் நீரில் அலச வேண்டும். ஒரு துணி முடிய வாரக்கணக்கில் ஆகும். விலை பேசும்போது இந்த வாரங்களையும் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு நாள் உடையவர்கள் சித்தூர்ப் பக்கம் செல்லலாம். திருப்பதியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். நகரை அடுத்த காணிப்பாக்கத்தில், கிணற்றுக்குள் நீர்நடுவே சுயம்புவாக எழுந்தருளிய விநாயகர் இருக்கிறார். அவர் முன்னிலையில் பொய்ச் சத்தியம் செய்ய யாரும் துணியார் என்று சுற்றுவட்டாரத்தார் நம்புகிறார்கள். வழக்குகளைக்கூட அவர் முன் பிரமாணம் செய்து தீர்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. வேனிற் காலமானால் சித்தூரின் சாலைகளில் மாம்பழ வண்டிகள் வரிசையாக நிற்கும். கிளிமூக்கு மாம்பழம் என்று நாம் சொல்லும் வகையைத்தான் இங்கே தோத்தாபுரி என்கிறார்கள். அதைக் கூழாக்கி வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஆலைகள் பல இருக்கின்றன.

சித்தூரின் பெயரைச் சொன்னதும் எல்லைப் பிரச்சினை நினைவுக்கு வரும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1911-ஆம் ஆண்டில் வட ஆர்க்காடு, கடப்பை முதலிய மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துச் சென்னை மாகாணத்தில் அமைத்த மாவட்டம் சித்தூர். 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அது அப்பக்கம் சென்றது. ம. பொ. சிவஞானம் முதலியோர் வட எல்லைக்காகப் போராடினார்கள். பட்டாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தமிழகத்துடன் இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது.

அந்தப் போராட்டத்தில் ஈடுபட்டவர்களின் மொழிப்பற்றை நான் மதிக்கிறேன். தெலுங்கு மக்களின் நியாயத்தையும் மதிக்கிறேன்; அம்மாவட்டத்தில் அவர்களே பெரும்பான்மையினர். என் கவலை வேறு. மாநில எல்லையைக் கோடு போட்டுக் காட்டிவிடலாம். மொழியின் எல்லையை அப்படிக் காட்ட முடியாது. சித்தூரிலும் நகரியிலும் புத்தூரிலும் இன்றும் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு. எல்லைக்கு இப்பாலும் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். திருப்பதிக் கடைத்தெருவில் வியாபாரி நம் முகத்தைப் பார்த்ததுமே தமிழில் பேசத் தொடங்குகிறார். அவருக்கு அது பிழைப்புக்குக் கற்ற மொழியாக இருக்கலாம், தாய்மொழியாகவும் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. பதிலுக்கு நாமும் இரண்டு தெலுங்குச் சொற்கள் பேசினால் அவர் முகம் மலரும்.

மொழி மாறும் நாட்டின் தன்மையைக் காட்டும் மற்றோர் ஊரையும் சொல்லிவிடுகிறேன். பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்த மதனப்பள்ளி அது. திருப்பதியிலிருந்து மேற்கே மூன்று மணி நேரப் பிரயாணம். ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895-இல் பிறந்த ஊர். 1911-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கல்கத்தா காங்கிரஸில் முதன்முறை பாடப்பெற்ற ‘ஜன கண மன’ என்ற பாடலை ரவீந்திரநாத தாகூர் 1919-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது இந்த ஊரில்தான். இங்குள்ள பெசன்ட் கல்லூரியில் விருந்தினராகத் தங்கியிருந்தபோது அதைச் செய்தார். அயர்லாந்து நாட்டு அம்மையார் மார்கரெட் கஸின்ஸ் அப்பாடலின் இசைக்குக் குறிப்பு எழுதினார். வங்கக் கவிஞர், தெலுங்கு ஊர், ஆங்கில மொழிபெயர்ப்பு, அயர்லாந்துப் பெண்மணியின் இசைக்குறிப்பு. மொழிபெயர்ப்பாளர்களுக்கென்று ஒரு யாத்திரைத் தலம் வேண்டுமானால் மதனப்பள்ளியைத்தான் நான் சொல்வேன்.

அன்பர்களே, விடுதியில் அறை எடுத்தவர் சுற்றிப் பார்க்கத்தக்க இடங்களைச் சொன்னேன். இவற்றை எல்லாம் ஒரே பிரயாணத்தில் பார்த்தாக வேண்டும் என்பதில்லை. வயதானவர்கள் உடன் வந்தால் கோவிந்தராஜர் கோயிலும் திருச்சானூருமே போதும். ஒரு பகல் மிச்சமிருந்தால் சந்திரகிரி; இரண்டு பகல் இருந்தால் குடிமல்லமும் காளத்தியும். திருமலைக்குரிய சீட்டின் நேரத்தை முதலில் உறுதிசெய்துகொண்டு, அதற்கு முன்னும் பின்னும் மற்றவற்றை அமைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகலில் பல கோயில்களில் நடை சாத்தியிருக்கும். காலையிலும் மாலையிலும் கோயில்கள், நடுப்பகலில் கோட்டை என்று வகுத்துக்கொண்டால் அலைச்சல் இராது.

வெளியூரில் வளரும் பிள்ளைகள் ஒருநாள் நம்மைப் பார்த்து, “நாம் எந்த ஊர்?” என்று கேட்பார்கள். பிறந்தது புனேயில், படித்தது தில்லியில், தாத்தா வீடு தஞ்சையில், பேசுவது இந்தியும் ஆங்கிலமும் கொஞ்சம் தமிழும் என்றிருக்கும் பிள்ளைக்கு அது நியாயமான கேள்வி. வாயால் சொல்லும் எந்த விடையும் அதற்குப் போதுவதில்லை. கண்ணால் காட்டலாம். பொருள் தேடி இம்மலையைக் கடந்தவர்கள் பழங்காலத்திலேயே இருந்தார்கள் என்று சொல்லலாம். திருநின்றவூரிலிருந்து வந்து கணக்கெழுதியவரின் பெயர் இங்குள்ள கல்வெட்டுகளில் நிற்கிறது என்று சொல்லலாம். அவர் தெலுங்கு அரசர் காலத்தில் ஊழியம் பார்த்தார். தம் எழுத்தை விட்டுவிடவில்லை. மற்றவர்கள் எழுத்தை வெறுக்கவும் இல்லை.

திருப்பதியிலிருந்து லட்டு வாங்கிச் செல்லாதவர் இல்லை. அது நான்கு நாளில் தீர்ந்துபோகும். இம்முறை அதனுடன், பிள்ளைகள் சுவரிலே கண்டு தம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்ட நான்கைந்து தமிழ் எழுத்துகளும் போகட்டும். மற்ற எழுத்துகளை வீட்டில் மாலை வேளையில் நீங்களே சொல்லிக்கொடுக்கலாம். அதற்கு அரை மணி நேரம் போதும்.